3 நிமிடத்தில் முனைவர் பட்ட ஆய்வு: நெல்லைப் பக்கத்து ஆய்வு மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஆய்வு மாணவர்கள் சிலரை உட்கார வைத்துப் பேசப் பழக்கிவருகிறேன். வருகிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன போட்டி?

முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற ஒருவர், தன் துறை சாராத கூட்டத்தின் முன் நின்று, தான் என்ன செய்கிறார், எதற்குச் செய்கிறார், என்ன கண்டார் என்பதை 3 நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். நடுவர்களும் பெரும்பாலும் வேறு துறைக்காரர்களாகவே இருப்பார்கள். ‘த்ரீ மினிட் தீசிஸ்’ என்பது இதில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். இதே மாதிரி வேறு பெயர்களிலும் போட்டிகள் உண்டு. இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் 2005இல் தொடங்கிய ‘ஃபேம்லேப்’பும் 3 நிமிடம்தான். ஆனால் அதில் ஸ்லைடு கிடையாது, கையில் எடுத்துப்போகிற பொருளைக் காட்டலாம்.

‘த்ரீ மினிட் தீசிஸ்’ ஏன் 3 நிமிடம்?

தண்ணீர்ப் பஞ்சத்தால். நம் ஊர்க்காரர்களுக்கு இது சொன்னவுடன் புரியும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து அப்போது கடும் வறட்சியில் இருந்தது. குளிக்கிற நேரத்தைக் குறைக்க, 3 நிமிடம் ஓடும் சின்ன மணல் கடிகாரத்தைக் குளியலறைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு மக்கள் குளித்தார்கள். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் படிப்புத் தலைவராக இருந்த ஆலன் லாசனுக்கு அதிலிருந்துதான் இந்த யோசனை வந்தது. முதல் போட்டி 2008இல் நடந்தது. இன்று பல நாடுகளில் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. 80,000 சொல் உள்ள ஆய்வேட்டை வாய்விட்டுச் சொல்லி முடிக்க 9 மணி நேரம் ஆகும் என்று அந்தப் பல்கலைக்கழகமே கணக்குச் சொல்கிறது. குடத்துத் தண்ணீரில் குளிக்கத் தெரிந்தவனுக்கு எது அவசியம் என்று தெரியும். அதே பழக்கம்தான் இங்கேயும் வேண்டும்.

விதிகள் என்னென்ன?

மூலப் போட்டியின் விதிகள் இவை. ஒரே ஒரு ஸ்லைடு, அதில் எதுவும் அசையக் கூடாது. ஒலி, வீடியோ கிடையாது. உடுப்பு வேஷம், இசைக்கருவி, ஆய்வகச் சாமான் எதையும் கொண்டுவரக் கூடாது. வெறும் பேச்சு மட்டும்தான். கவிதை, பாட்டு, ராப் எதற்கும் இடமில்லை. 3 நிமிடத்தைத் தாண்டினால் போட்டியிலிருந்து நீக்கம். நேரம் எப்போது ஓடத் தொடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை: நீங்கள் வாயைத் திறந்தபோது மட்டுமல்ல, பேச்சின் பகுதியாகக் கையை அசைத்தாலும் ஓடத் தொடங்கிவிடும்.

இங்கே கல்லூரிகள் தங்கள் வசதிக்கு விதியை மாற்றிக்கொள்வதுண்டு. பெயர் கொடுக்கும் முன்னால் அவர்கள் அனுப்பிய தாளை முழுக்கப் படியுங்கள்.

“இது நேர விரயம், ஆய்வைக் கொச்சைப்படுத்துகிற வேலை” என்கிறார் என் கைடு, அதாவது ஆய்வு நெறியாளர். என்ன பதில் சொல்ல?

அவர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. மேடைக் கைதட்டலுக்காக ஆய்வை ஊதிப் பெருக்கினவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் போட்டியின் மதிப்பீட்டிலேயே அதற்குக் காவல் வைத்திருக்கிறார்கள். பேசியவர் தன் ஆய்வை மலினப்படுத்தினாரா, அதிகமாகப் பொதுமைப்படுத்திவிட்டாரா என்று நடுவர்கள் பார்க்க வேண்டும். இதை உங்கள் கைடிடம் சொல்லுங்கள்.

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் வேறு. என் வைவா, அதாவது முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, நடந்த அன்று வீட்டிலிருந்து ஒரு வேன் பிடித்து வந்தார்கள். அம்மா பட்டுச் சேலை. அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சித்தப்பா டவுனிலிருந்து 2 கிலோ அல்வா வாங்கி வந்து துறைக்கே விநியோகம் செய்தார். நம் பல்கலைக்கழகங்களில் வைவா பொதுவில் நடக்கிறது, யாரும் உட்கார்ந்து கேட்கலாம் என்பது நல்ல வழக்கம். கடைசி வரிசையில் அப்பா முக்கால் மணி நேரம் முதுகு சாயாமல் உட்கார்ந்து கேட்டார். முடிந்து படியிறங்கும்போது, “எல்லாம் நல்லாச் சொன்ன. ஆனா என்னத்தய்யா கண்டுபிடிச்ச?” என்று கேட்டார். நான் சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை. புரிகிற மாதிரி சொல்ல என்னிடம் ஒரு வாக்கியமும் இல்லை. 5 வருடம் எனக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்தவருக்கு நான் அந்தப் பதிலைக் கடன் வைத்திருந்தேன்.

ஆகவே உங்கள் கைடு கேட்டால், இது போட்டிக்கு மட்டும் இல்லை என்று சொல்லுங்கள். தன் வேலையை 3 நிமிடத்தில் சொல்ல முடியாதவர், பல நேரம் அந்த வேலையின் நடு முடிச்சு எது என்று தானே இன்னும் முடிவு பண்ணவில்லை. பேசப் பழகும்போதுதான் அது தெரியவரும்.

எங்கே தொடங்குவது?

தலைப்பில் தொடங்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு பெண், தாவரவியல் ஆய்வு மாணவி, முதல் நாள் இப்படித் தொடங்கினார்: “என் ஆய்வுத் தலைப்பு, வாழையின் ஃபியூசேரியம் வாடல் நோய்க்கு எதிரான உள்வாழ் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தல், அடையாளப்படுத்தல் மற்றும் அவற்றின் எதிர்ப்புத் திறனை மதிப்பிடுதல்.” இதற்கே 15 விநாடி போய்விட்டது. கேட்டவர்களில் இருவர் போனை எடுத்துவிட்டார்கள்.

இந்த ஆராய்ச்சியை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னார்:

“களக்காட்டுல எங்க அப்பா 600 ரசகதலி வச்சாங்க. ஆறாவது மாசம் அடி இலை ஓரத்துல இருந்து மஞ்சளாச்சு. மடங்கித் தொங்குச்சு. தண்டை வெட்டிப் பார்த்தா உள்ள செம்பழுப்பாக் கோடு கோடா இருக்கு. ஆனா வரப்போரம் பத்து வாழை மட்டும் பச்சையா நின்னுச்சு. அந்தப் பத்து வாழை வேருக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கத்தான் நான் நாலு வருசமா ஓடுதேன்.”

இதைக் காகிதத்தில் எழுதுங்கள், இதுதான் உங்கள் தொடக்கம் என்றேன். நோய் என்ன, அது என்ன செய்கிறது, கேள்வி எங்கே இருக்கிறது எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிட்டது. பத்து வாழை என்றதும் கேட்கிறவன் நிமிர்ந்து உட்காருவான், காரணம் தெரிந்தாக வேண்டும் அவனுக்கு. தலைப்பு ஸ்லைடின் மூலையில் இருந்தால் போதும்.

எல்லா ஆய்வுக்கும் களக்காட்டு வாழை மாதிரி ஒரு கதை இருக்காது. கதையை இட்டுக்கட்டவும் கூடாது. ஆனால் உங்களை அந்தக் கேள்விக்குள் இழுத்த ஏதோ ஒன்று இருந்திருக்கும். ஒத்துவராத ஒரு அளவு, யாரும் சரிபார்க்காத ஒரு பழைய வாசகம், உடைந்துபோன ஒரு மாதிரி. அதைத் தேடுங்கள்.

உவமை சொன்னால் ஆய்வு தப்பாகிவிடாதா?

ஆகும், கவனமில்லாவிட்டால். அதே பெண் வீட்டில் போய் அம்மாவிடம் பேசிக் காட்டினார். வாடல் நோயைக் கொண்டுவருகிற ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வேர் வழியாக ஏறி, தண்டுக்குள் தண்ணீர் போகிற குழாய்களை அடைத்துவிடுகிறது என்றதும் அம்மா, “மோட்டார் பைப்புல பாசி அடைச்சா கடைசி வயலுக்குத் தண்ணி ஏறாதே, அது மாதிரியா?” என்றார். அதை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

பிறகு உட்கார்ந்து சரிபார்த்தபோது ஓர் இடறல் தெரிந்தது. பைப்பில் பாசி மட்டும்தான் அடைக்கிறது. வாழையில் அடைப்பு முழுவதும் பூஞ்சையின் வேலை இல்லை. பூஞ்சை மேலே ஏறாமல் தடுக்கச் செடியே குழாய்க்குள் பிசின் போன்ற ஒன்றையும் கொப்புளம் போன்ற வளர்ச்சிகளையும் உண்டாக்குகிறது. தன்னைக் காக்கப் போட்ட அந்தத் தடுப்பும் தண்ணீரை மறிக்கிறது. ஆகவே ஒரு வரி சேர்த்தோம்: “ஆனா வாழைக்கும் பைப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வாழை சண்டை போடுது. அந்தச் சண்டையிலயே அதோட தண்ணிப் பாதையும் அடைபடுது.” அரங்கமே அமைதியான இடம் அந்த வரிதான். உவமை எங்கே நொடிக்கிறதோ அங்கேயே பெரும்பாலும் உங்கள் அறிவியல் இருக்கிறது. அதை மறைக்காமல் சொன்னால் பேச்சு கனக்கும்.

என் துறை கணிதம். காட்டுவதற்கு ஒன்றுமே இல்லையே?

நம் பக்கத்துக் கல்லூரிகளில் கிராஃப் தியரி, அதாவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் பற்றிய கணிதம், செய்கிறவர்கள் நிறைய. அவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. ஆதிக்க எண், அதாவது டாமினேஷன் நம்பர், பற்றி ஆய்வு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரையறையைச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, சமாதானபுரம் என்று ஊருக்குள் எத்தனையோ முக்கு இருக்கிறது. ஒவ்வொரு முக்கிலும் ஒரு போலீஸ் நிற்க ஆள் இல்லை. ஒரு முக்கில் போலீஸ் நிற்க வேண்டும், அல்லது ஒரே ரோட்டில் போய்ச் சேரும் பக்கத்து முக்கில் நிற்க வேண்டும். அப்படியானால் ஊர் முழுவதற்கும் குறைந்தது எத்தனை போலீஸ் போதும்?

பத்து முக்கு என்றால் விரல்விட்டு எண்ணலாம். முக்கு கூடக்கூட எண்ண முடியாமல் போய்விடும், கம்ப்யூட்டரும் திணறும். குறிப்பிட்ட வடிவத்தில் அமைந்த ஊர்களுக்கு மட்டும் எண்ணாமலே விடை சொல்ல ஒரு சூத்திரம் கண்டிருக்கிறேன் என்று முடித்தால், அதுவே உங்கள் தேற்றம். ஸ்லைடில் புள்ளிகளும் கோடுகளுமாக ஒரு படம், நாலு புள்ளிக்கு மட்டும் காக்கி நிறம்.

உங்கள் சூத்திரம் இன்றைக்குப் போக்குவரத்துக்குப் பயன்படுகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்படிப் பயன்படாவிட்டால். இன்னும் பயன்பாடு தேடாத கணிதம் என்று நேராகச் சொன்னாலும் மரியாதை குறையாது.

வரலாறு, தமிழ் இலக்கியக்காரர்களும் கலந்துகொள்ளலாமா?

கட்டாயம். மேடையில் நீங்கள் பாதி தூரம் முன்னாலேயே நிற்கிறீர்கள், ஏனென்றால் உங்கள் பொருள் மனிதர்கள். ஆபத்தும் அதுதான்: பெருமை பேசத் தோன்றும். சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் கி.மு. 1155ஐச் சேர்ந்தது என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. “3,200 ஆண்டுக்கு முந்திய நெல்” என்றால் யாருக்கும் புரியும், அது சரியான எளிமை. அதே மூச்சில் “எனவே உலகிலேயே முதன்முதலில் நெல் விதைத்தவன் நெல்லைக்காரன்” என்றால் அது பொய். அந்தக் காலக்கணிப்பு அந்தத் தாழியின் நெல்லுக்கு. எதற்குச் சான்று இருக்கிறதோ அதோடு நிறுத்துங்கள். 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போனது போன்ற ஒரு செய்தியே போதும், கேட்கிறவர்கள் தாமாக நிமிர்வார்கள். அலங்காரம் வேண்டாம்.

எத்தனை சொல் எழுதலாம்? மனப்பாடம் பண்ணலாமா?

தமிழில் 270 முதல் 300 சொல் என்பது என் அனுபவக் கணக்கு. நம் சொற்கள் நீளம், ஆங்கிலக் கணக்கைத் தமிழுக்கு வைத்தால் மூச்சு வாங்கும். வீட்டில் 2 நிமிடம் 40 விநாடியில் முடிய வேண்டும். மேடையில் சிரிப்பு, கைதட்டல், ஒரு திக்கல் எல்லாம் மீதி 20 விநாடியைத் தின்றுவிடும்.

முதல் இரண்டு வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். நடுவில் உள்ளதை வரி வரியாக நெட்டுருப் போட வேண்டாம். ஒரு சொல் விட்டுப்போனால் மொத்தமும் நின்றுவிடும். எந்தச் செய்திக்குப் பின் எந்தச் செய்தி என்ற வரிசை மட்டும் கெட்டியாக இருந்தால் போதும்.

ஸ்லைடில் என்ன போட?

ஒரு படம். முடிந்தால் நீங்களே எடுத்தது. எழுத்து பத்துச் சொல்லுக்குள்.

தமிழில் எழுத்துப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வானவில், பாமினி எழுத்துருவில் அடித்தது அரங்கத்துக் கம்ப்யூட்டரில் வெறும் குறியீடுகளாக உடைந்து நிற்கும். யூனிகோடில் அடியுங்கள். அதற்கும் மேலே, முழு ஸ்லைடையும் படமாகச் சேமித்து அந்தப் படத்தை ஒட்டி அனுப்புங்கள். மேடையேறின பிறகு எழுத்துருவைத் தேடி யாரும் ஓட முடியாது.

வில்லுப்பாட்டுக் குடும்பத்திலிருந்து வந்தவன். இரண்டு வரி பாடினால் என்ன?

நீக்கிவிடுவார்கள். எனக்கும் அது வருத்தம்தான். ஆனால் வில்லுப்பாட்டில் பாட்டைத் தவிர வேறு ஒன்றும் இருக்கிறது, அதைக் கொண்டுபோக எந்த விதியும் தடுக்காது. புலவர் கதையை ஓரிடத்தில் நிறுத்துவார். பக்கப்பாட்டுக்காரர், “ஆமா, பெறகு என்னாச்சு?” என்பார். கோயில் கொடைக்கு வந்து விடிய விடிய மணலில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தின் மனசில் உள்ள கேள்விதான் அது. பழகும்போது ஒரு நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் “பெறகு?”, “எதுக்கு?”, “அதனால என்ன?” என்று கேட்கச் சொல்லுங்கள். உங்கள் அடுத்த வாக்கியம் அந்தக் கேள்விக்குப் பதிலாக இல்லாவிட்டால் வரிசை தப்பாக இருக்கிறது. மேடைக்குப் போகும்போது நண்பரின் கேள்விகளை எடுத்துவிடுங்கள், கூட்டம் அவற்றைத் தனக்குள் கேட்டுக்கொள்ளும்.

தமிழிலா, ஆங்கிலத்திலா? நெல்லைப் பேச்சு வரலாமா?

போட்டி எந்த மொழியில் என்பதை நடத்துகிறவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் ஆங்கிலம்தான். எதுவானாலும் முதலில் தமிழில் தயார் செய்யுங்கள். ஆங்கிலத்தில் கலைச்சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம், அம்மாவிடம் தமிழில் சொல்லும்போது ஒளிய இடமில்லை. தமிழில் பிடிபட்டதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது எளிது. கனடாவின் கியூபெக்கில் 2012இலேயே இந்தப் போட்டியைப் பிரெஞ்சு மொழியில் ‘180 விநாடியில் என் ஆய்வேடு’ என்ற பெயரில் தொடங்கினார்கள், பிறகு அது பிரான்சுக்கும் போனது. தமிழிலும் அதைச் செய்யலாம், செய்ய வேண்டும் என்று மனதார நம்புகிறேன்.

“சொல்லுதேன்”, “பார்க்கேன்” எல்லாம் தாராளமாக வரலாம். அதை மறைக்க முயன்று நாக்கு தடுமாறுவதுதான் கேட்கச் சங்கடம்.

நேரம் தாண்டிவிட்டால்?

எனக்கு நடந்தது. வெளியூரில் ஒரு கல்லூரியில் பேசினேன். பின்னணியை விளக்கவே 2 நிமிடம் எடுத்துக்கொண்டேன். கண்டது என்ன என்பதற்கு வரும்போது மணி அடித்துவிட்டது. பேசி முடிக்கவே விடவில்லை. விதி விதிதான். அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது என் 5 வருடத்தில் சொல்லத் தகுந்த ஒரே விஷயம். அதனால் இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன்: கண்டுபிடித்ததை முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

கை நடுங்குகிறது, குரல் கம்முகிறது.

எல்லாருக்கும் உண்டு. முதல் வாக்கியத்துக்கு முன் மூன்றாவது வரிசையில் ஒரு முகத்தைப் பாருங்கள், அவரிடம் சொல்லுங்கள். ஏறும் முன்னால் மைக் உயரத்தைச் சரிபார்த்துவிடுங்கள். மற்றதைப் பழக்கம் பார்த்துக்கொள்ளும்.

ஆய்வு இன்னும் முடியவில்லை. முடிவு இல்லாமல் பேசலாமா?

பேசலாம். ஆனால் முடிந்த மாதிரி பேசக் கூடாது. “பத்து வாழையில் ஆறு வாழையின் வேரில் ஒரே வகை பாக்டீரியா இருந்தது. அதுதான் காப்பாற்றியதா என்று இப்போது தொட்டியில் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்பது நல்ல முடிவு. கேட்டவர்கள் பிறகு உங்களைத் தேடி வந்து என்னாச்சு என்று கேட்பார்கள்.

வெளியே சொன்னால் யாராவது திருடிவிட மாட்டார்களா?

3 நிமிடத்தில் செய்முறை முழுவதும் போகாது, ஆகவே பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பயம் தேவையில்லை. காப்புரிமைக்குப் போகக்கூடிய வேலை என்றால் கதை வேறு. விண்ணப்பிக்கும் முன் பொதுவில் வெளியிட்டால் புதுமை போய்விட்டது என்று காப்புரிமை மறுக்கப்படலாம். கைடையும் பல்கலைக்கழகக் காப்புரிமைப் பிரிவையும் முதலில் கேளுங்கள்.

யார் முன்னால் பழகுவது?

துறை நண்பர்கள் முன்னால் வேண்டாம். அவர்கள் தலையாட்டிவிடுவார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் கிடைத்தால் அதைவிட நல்ல நடுவர்கள் இல்லை, புரியாததை முகத்திலேயே காட்டிவிடுவார்கள். டீக்கடை அண்ணாச்சியிடம் கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் சொல்லிப் பாருங்கள். பேசி முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். “நான் என்ன செய்தேன்னு நீங்க இன்னொருத்தருக்குச் சொல்லுங்க” என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்கிறதுதான் நீங்கள் உண்மையில் பேசிய பேச்சு.

போட்டி முடிந்த பிறகு இதை வைத்து என்ன செய்ய?

வைவாவுக்குக் கொண்டுபோங்கள். புறத்தேர்வாளரிடமும் கைடிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டு, பவர்பாயிண்டைத் திறக்கும் முன் 3 நிமிடம் தமிழில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நான் கேட்டுப் பார்த்த வரை யாரும் மறுக்கவில்லை.

களக்காட்டுப் பெண் போட்டியில் பரிசு வாங்கவில்லை. போன வருடம் அவருடைய வைவாவுக்கு நானும் போயிருந்தேன். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வரப்போரத்துப் பத்து வாழையில் தொடங்கினார். பைப்பு வந்தபோது எனக்குப் பின்னால் ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்த்தேன். அவருடைய அம்மா பக்கத்து மதினியின் தோளைத் தட்டி, குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: “அந்தப் பைப்பு விசயம் நான் சொன்னது, பாத்துக்கோ.”